அப்புச்சிக்கு ஒரு புறம்போக்குச் சாளை

“கந்தப்பன். ஆண். முதியவர். ஆண் வாரிசு இல்லை. தோட்டம் முழுவதும் நீர்ப்பரப்புக்குள் வருகிறது. மேற்படியாருக்கு ஆட்சேபனை ஏதுமில்லை.”

மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்த வருடங்களில், தண்ணீருக்குள் போகவிருந்த ஊர்களுள் ஒன்றான ஆத்துமேட்டில் கூடாரம் போட்டு விசாரணை நடத்திய குமாஸ்தா ஒருவர் இப்படி எழுதிவைத்தார். கையெழுத்து மணிமணியாக இருந்தது. கடைசி வரி மட்டும் கந்தப்பனைப் பற்றியதாக இல்லை. ஆத்துமேட்டில் வேறு யாரைப் பற்றியதாகவும் அது இருக்க முடியாது. ஆட்சேபனை இல்லாத ஆள் ஒருவர் அங்கே எப்போதாவது இருந்திருந்தாலும், கந்தப்பனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நாலு வருடம் குடியிருந்த பிறகு மாறித்தான் போயிருப்பார்.

மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் கூடி நாள் வைத்தால், அந்த நாள் ஆகாது என்பார் கந்தப்பன். சரி, நீங்களே ஒரு நாள் சொல்லுங்கள் என்று கேட்டு, அவர் சொன்ன நாளையே வைத்தால், ஒற்றை மனுஷன் பேச்சைக் கேட்டா ஊர் நாள் வைப்பது என்று அதற்கும் ஆட்சேபிப்பார். அவர் மனைவி பெரியநாயகி சாகக் கிடந்தபோது, தன்னைக் கிழக்குக் காட்டில் புதைக்கச் சொன்னாளாம். “அங்க எறும்புத் தொல்லை எச்சு” என்றாராம் இவர். அவள் போனபின் கிழக்குக் காட்டிலேயே புதைத்தார். ஆனால் அதன் பிறகு வாரம் தவறாமல் ஒரு கூடை சாம்பலைக் கொண்டுபோய் அந்த இடத்தைச் சுற்றிலும் போட்டு வந்தார். எறும்புக்காக.

அப்பேர்ப்பட்டவர் விசாரணை நாளில் வாய் திறக்காமல் நின்றதற்குக் காரணம் கடைவாய்ப் பல். முந்தின நாள்தான் பிடுங்கியிருந்தார்கள். கன்னம் பூசணிக்காயாக வீங்கி, தலையோடு சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தது. குமாஸ்தா கேட்டார், இவர் “ம்ம்ம்” என்றார். வாய் திறக்காதவனுக்கு ஆட்சேபனை இல்லை என்பது சர்க்கார் கணக்கு. வீக்கம் வடிந்து, சொல்ல வேண்டியதையெல்லாம் மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு கந்தப்பன் ஓடியபோது, கூடாரம் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. முளைக்குச்சி அடித்திருந்த குழிகளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் ஆட்சேபித்துவிட்டு வீடு திரும்பினார்.

‘ஆண் வாரிசு இல்லை’ என்ற வரி நிஜம்தான். இருந்தது ஒரே மகள், சென்னியம்மாள். சங்ககிரிக்குப் பக்கம் கரட்டுப்பாளையத்தில் சென்னிமலை என்பவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். மாப்பிள்ளை அதிகம் பேசாத ஆள். தோட்டம், கிணறு, இரண்டு ஜோடி மாடு. குழந்தைகள் மூன்று. மூத்தவள் ஆத்தாயி, நடுவில் மணியன், கடைசி சௌந்திரம்.

பெண் கொடுத்த வீட்டில் கை நனைப்பதில்லை என்பது கந்தப்பன் குடும்பத்து வழக்கம். மற்றவர்கள் இதைக் கொஞ்சம் இளக்கி வைத்திருந்தார்கள். பேரன் பிறந்தால் சாப்பிடலாம், விசேஷத்துக்குச் சாப்பிடலாம், பலகாரம் என்றால் சாப்பாடு ஆகாது என்று ஆளுக்கொரு சந்து விட்டிருந்தார்கள். கந்தப்பன் ஒரு சந்தும் விடவில்லை. மகளைப் பார்க்க வரும்போது கட்டுச்சோறும் சுரைக்குடுக்கையில் ஆற்றுத் தண்ணீரும் கொண்டுவருவார். வீட்டுக்குள் போகமாட்டார். தோட்டத்து வாசலை ஒட்டி, வேலிக்கு வெளியே ரோட்டோரத்தில் ஒரு பெரிய புளியமரம். ரோட்டுப் புளியமரங்களெல்லாம் டிஸ்ட்ரிக்ட் போர்டுக்குச் சொந்தம். மரத்துக்கு மரம் தாரால் நம்பர் போட்டிருக்கும். இந்த மரத்தில் நம்பரைக் காணோம். ஆடு உரசி அழிந்திருக்கும் என்பது கந்தப்பன் முடிவு. போர்டு நிழலில் உட்கார்ந்து, சொந்தச் சோற்றைத் தின்று, பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த பொரியும் கடலையும் எள்ளுருண்டையும் ஆற்றங்கரைக் கொய்யாவும் கொடுத்துவிட்டு, பொழுது சாயக் கிளம்பிவிடுவார்.

இதே மனுஷன் ஆத்துமேட்டில் அக்கம்பக்கத்தாரிடம் உப்பு, கயிறு, ஏர், ஏன், ஒரு தடவை கல்யாணத்துக்குப் போட்டுப்போகச் செருப்புக்கூட இரவல் வாங்கியவர்தான். அதிலெல்லாம் அவருக்கு மானம் குறையவில்லை.

அணைக்குத் தண்ணீர் ஏறும் காலம் வந்தது. ஊர் கலைந்தது. சிலர் மேச்சேரிப் பக்கம் போனார்கள், சிலர் மலையடிவாரத்துக்குப் போனார்கள். கந்தப்பன் தனக்குக் கிடைத்த நஷ்டஈட்டை அண்ணன் மகனோடு சேர்ந்து புது இடத்தில் கிணறு வெட்டுவதில் போட்டார். அந்த இடத்தில் தண்ணீர் வராது என்று முதலிலேயே ஆட்சேபித்தவரும் அவர்தான், பிடிவாதமாகப் பணத்தைக் கொடுத்தவரும் அவர்தான். பாறைதான் வந்தது. அண்ணன் மகன் கோயமுத்தூருக்கு மில் வேலைக்குப் போய்விட்டான்.

புரட்டாசி மாதத்தில் ஒரு நாள், இரவல் வண்டி ஒன்று கரட்டுப்பாளையத்துப் புளியமரத்தடியில் வந்து நின்றது. கயிற்றுக் கட்டில், இரண்டு மண்சட்டி, ஒரு மூட்டை கம்பு, கந்தப்பன் ஆகியவற்றை இறக்கிவிட்டு வண்டி திரும்பிப் போய்விட்டது.

சென்னியம்மாள் ஓடி வந்தாள். “ஏனுங்கப்பா, இதென்ன ரோட்டுல எறக்கிட்டுப் போறாங்க? ஊட்டுக்குள்ள வாங்க.”

“இருக்கட்டும் சாமி. இங்கயே காத்து நல்லா வருது.”

“எத்தன நாளைக்குங்க காத்து?”

“ஒரு எடம் பாக்கற வரைக்குந்தான். நானென்ன இங்கயே குடியிருக்கவா வந்தேன்?” என்றபடி கந்தப்பன் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தார். தண்ணீருக்கு ஊர்ப் பொது ஏரி இருந்தது.

குழந்தைகளுக்கு இதைவிடக் கொண்டாட்டம் வேறு இல்லை. சௌந்திரம் நேராக அவர் மடியில் ஏறி, வழக்கப்படி அவர் துணிமூட்டையைக் குடையத் துவங்கினாள். வேட்டி ஒன்று, துண்டு ஒன்று, சுண்ணாம்பு டப்பா. அவ்வளவுதான்.

“அப்புச்சி, பொரி?”

கந்தப்பன் இதை எதிர்பார்க்காமல் இல்லை. வழி நெடுக இந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார். கையில் ஏதாவது இருக்கிறவரைக்கும் புளியமரத்தடியில் உட்காருவது வைராக்கியம். வெறுங்கையோடு உட்கார்ந்தால் அதற்குப் பேர் வேறு. “அடுத்த வாட்டி சாமி” என்றார். அடுத்த வாட்டி என்பது எங்கிருந்து வரப் போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. வரவேண்டிய ஆள் ஏற்கனவே வந்து இறங்கியாயிற்று.

சின்னவளின் உதடு பிதுங்கியது. ஆத்தாயி அவளைத் தூக்கிக்கொண்டாள். பதினோரு வயசுப் பெண். கொஞ்சம் அப்புச்சி வார்ப்பு. “எப்பவும் அவுங்களே கொண்டாரோணுமா? இந்த வாட்டி நாம எதாச்சும் செஞ்சு குடுக்கலாம் வா” என்றாள். தங்கையைச் சமாதானப்படுத்தச் சொன்னதுதான். ஆனால் கந்தப்பனுக்கு அது கடைவாயில் பிடுங்கிய இடத்தில் பட்டதுபோல இருந்தது.

மறுநாள் காலையில் ஆத்தாயி ஒரு பனையோலை விசிறியோடு வந்தாள். ஓரம் மடித்து, காம்பில் சிவப்புத் துணி சுற்றி, கச்சிதமாக இருந்தது. கந்தப்பன் கை நீட்டப் போனார். பாதியில் கை நின்றது.

“ஓலை யாரு பனையில வெட்டுனது?”

“நம்ம தோட்டத்துப் பனைதானுங்க அப்புச்சி.”

“அப்ப உங்கப்பனது.” கந்தப்பன் கையை மடக்கிக்கொண்டார். “வேண்டாஞ்சாமி. நல்லாத்தான் இருக்குது. கொண்டுபோயி ஊட்டுல வெய்யி.”

மணியன் வாய்க்கால் மண்ணைக் குழைத்து ஒரு ஜோடி காளை செய்து, ஆமணக்குத் தண்டில் வண்டி கட்டிக் கொண்டுவந்தான். வாய்க்கால் யாருது என்ற கேள்வி வந்தது. பதிலும் பழைய பதில்தான். காளைகள் புளியமர வேரின்மேல் நிறுத்தப்பட்டன; வாங்கிக்கொள்ளவில்லை, சும்மா நிற்கின்றன என்பது கந்தப்பன் விளக்கம். ஆனால் மத்தியானம் ஆடு ஒன்று வந்து காளையின் கொம்பை முகர்ந்தபோது, அவர் கட்டிலிலிருந்து பாய்ந்த வேகத்தைப் பார்த்தால் அந்தக் காளைகள் வேறொருவருடையவை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தவள் பெருமாயி. அந்த ரோட்டில் ஆடு மேய்த்துக்கொண்டும், மாசி பங்குனியில் புளி பொறுக்கிக்கொண்டும் காலம் தள்ளுபவள். “ஏனுங்க பெரியவரே, மழ வந்தா டிஸ்டிக்போர்டு கொடையும் குடுக்குமாக்கும்?” என்றாள்.

“மழ எனக்கு மட்டுமா பெய்யும்? ஊருக்கே பெய்யும்.”

“ஊருக்கு ஊடு இருக்குதுங்களே!” பெருமாயி மரத்தை அண்ணாந்து பார்த்து, தனக்குள் எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டு போனாள். கந்தப்பனுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

கடைசியில் அவரை மடக்கியவள் சௌந்திரம். ரோட்டோரத்தில் மண்டிக் கிடந்த ஆவாரஞ்செடியில் பூப் பறித்து, ஒரு மாலை கட்டிக்கொண்டு வந்தாள். பாதிப் பூ தலைகீழாக இருந்தது. கந்தப்பன் வழக்கமான விசாரணையை ஆரம்பித்தார்.

“பூ எங்க பறிச்ச?”

“ரோட்டுல.”

“வேலிக்கு உள்ளயா, வெளியயா?”

“வெளிய.”

“அப்பச் சரி. நூலு?”

சௌந்திரம் திரும்பி வீட்டைப் பார்த்தாள். நூல் அம்மாவின் பழைய சேலைக் கரையிலிருந்து உருவியது. கந்தப்பன் மாலையைக் கையில் வாங்கி, ஒவ்வொரு பூவாக உருவி மடியில் போட்டுக்கொண்டு, நூலைச் சுருட்டி அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். “பூவு எனக்கு. நூலு உங்கம்மாளுக்கு.” ஒரு பூவைக் காதில் செருகிக்கொண்டார். சௌந்திரத்துக்குப் பரம சந்தோஷம். வேலிக்கு உள்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த சென்னியம்மாள், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நூலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

குழந்தைகளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. யாருடையதும் அல்லாத பொருளில் செய்தால் அப்புச்சி வாங்கிக்கொள்வார். அன்றிலிருந்து ‘புறம்போக்கு’ என்பது அவர்களுடைய மந்திரமாயிற்று. எதைத் தொட்டாலும் “இது புறம்போக்கா?” என்றார்கள். ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றிலிருந்து மயில் இறகு வந்தது. கந்தப்பன் காது குடைய வைத்துக்கொண்டார். ஏரிக் கோரையில் ஒரு விளக்குமாறு வந்தது. மழைத்தண்ணீர் வழுவழுப்பாக்கிய கூழாங்கல் ஒன்று மிளகு நசுக்க வந்தது. எல்லாவற்றையும் கேள்வி கேட்டுத்தான் வாங்கினார். பதிலுக்கு அவரிடம் கொடுக்க இருந்தது ஒரே ஒரு சரக்கு: பல் பிடுங்கிய கதை. கன்னத்தை ஊதிவைத்துக்கொண்டு “ம்ம்ம்” என்று காட்டுவார். சௌந்திரம் அதைத் தினம் கேட்டாள். தினம் உருண்டு புரண்டு சிரித்தாள்.

ஆத்தாயிக்கு இதெல்லாம் போதவில்லை. அப்புச்சியின் கட்டில் கயிறு நைந்து தொட்டிலாகத் தொங்குவதை அவள் பார்த்திருந்தாள். ஏரிக்கு அப்பால் ரயில் பாதை. பாதை ஓரம் நெடுகிலும் வேலியாக வளர்ந்த ரயில் கத்தாழை. தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் மடல் வெட்டி, ஏரித் தண்ணீரில் ஊறப்போட்டு, நாற்றம் தாங்காமல் மூக்கைக் கட்டிக்கொண்டு, கல்லில் அடித்து நார் எடுத்தாள். வெட்டும்போதும் அடிக்கும்போதும் கத்தாழைச் சாறு பட்டு இரண்டு பேருக்கும் முழங்கைவரை தடித்து அரிப்பெடுத்தது. நாரைத் தொடையில் வைத்துத் திரித்துத் திரித்து, ஒரு நாள் மாலையில் பெரிய கயிற்றுச் சுருளைத் தலையில் வைத்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள்.

கந்தப்பன் கயிற்றை முறுக்கிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். “கத்தாழை?”

“ரயிலுதுங்க. கேங்மேன் பாத்தாரு, ஒண்ணுஞ் சொல்லுல.”

“ஊறப்போட்ட தண்ணி?”

“ஏரித் தண்ணி.”

“வெட்டுன அருவா?”

ஆத்தாயி இதற்கும் தயாராக வந்திருந்தாள். “பெருமாயியக்காளுது. எரவல்.”

கந்தப்பனின் கேள்விகள் தீர்ந்துவிட்டன. அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தார். சிவப்புத் தடிப்பு முழங்கைவரை. தன்னிடமிருந்த விளக்கெண்ணெயைத் தடவிவிட்டார். அன்று இரவு கட்டில் பலகை மாதிரி விறைப்பாக இருந்தது. இவ்வளவு விறைப்பு இடுப்புக்கு ஆகாது என்று காலையில் ஆட்சேபித்தாலும், பொழுது விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தார்.

ஐப்பசி நெருங்கியது. கம்பு மூட்டை இளைத்துக்கொண்டே வந்தது; சாயங்காலங்களில் மேகம் கரட்டுக்கு மேல் வந்து நின்று யோசித்துவிட்டுப் போயிற்று. சந்தையில் சென்னிமலையைப் பார்த்தவர்கள், “மாமனார ரோட்டுல வெச்சிருக்கற மாப்பிள்ள வாராரு” என்று காதில் விழும்படி பேசினார்கள். சென்னிமலை தினமும் பொழுது சாய வேலி ஓரம் வந்து நின்று, “மாமா, உள்ள வாங்க” என்பார். “இருக்கட்டும் மாப்பளே” என்பார் கந்தப்பன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்ப்பார்கள். பிறகு மாப்பிள்ளை போய்விடுவார்.

கந்தப்பனும் யோசிக்காமல் இல்லை. மழை பிடித்துக்கொண்டால் மரத்தடியில் இருக்க முடியாது. பழனிக்குப் போய்விடலாம், அங்கே மடத்தில் சோறு போடுவார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம். யாருக்கும் சொல்லவில்லை. துண்டையும் வேட்டியையும் ஒருநாள் மடித்து வைத்ததை ஆத்தாயி பார்த்துவிட்டாள்.

“எங்கீங்க அப்புச்சி போறீங்க?”

“மழைக்கு முன்னால எங்கயாச்சும் போயித்தான ஆகோணும் சாமி.”

“நாங்க சாளை போட்டுத் தந்தா?”

“சாளையா? எந்தச் சாமானுல?”

“எல்லாம் புறம்போக்குலதானுங்க.”

கந்தப்பன் சிரித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பிள்ளைகள் குடிசை வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். கரட்டில் ஊஞ்சமரக் கொம்புகள் வெட்டி இழுத்து வந்தார்கள். கரட்டுப் புல்லைக் கட்டுக்கட்டாக அறுத்தார்கள். மீதியிருந்த கத்தாழைக் கயிறு கட்டுக்கு ஆயிற்று. சுவருக்கு ஏரி மண். கடப்பாறை பெருமாயி வீட்டுக்காரருடையது. அப்பன் கொட்டாயில் சும்மா கிடந்த கடப்பாறையை மணியன் ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, அரை மைல் நடந்து போய் இரவல் கடப்பாறையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தான்.

கந்தப்பன் கட்டிலில் உட்கார்ந்தபடி ஆட்சேபித்துக்கொண்டிருந்தார். வாசல் தெற்கே பார்த்தால் சாரல் அடிக்கும். கொம்பு கோணல். கட்டு லூஸ். ஆட்சேபனை முற்றியதும் தானே எழுந்துபோய் ஒரு கட்டை இறுக்கினார். அப்புறம் இன்னொன்றையும் இறுக்கினார். சாளை பிள்ளைகள் விளையாட்டுக்குப் போட்டது மாதிரி ஆரம்பித்து, படுத்தால் கால் நனையாத அளவுக்கு வந்துகொண்டிருந்தது. பழனிப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

ரோட்டுப் பக்கத்துக் கடைசிக் காலுக்குக் குழி பறிக்கும்போது ‘ணங்’ என்றது.

“கல்லுங்க அப்புச்சி.”

“அக்கட்டால தோண்டு.”

அந்தப் பக்கமும் ‘ணங்’. மணியன் கையால் மண்ணை வழித்தான். சதுரமாகச் செதுக்கிய கல்லின் தலை. நடுவில் ஒரு அடையாளம். மணியனுக்கு அது வெறும் கல். வாழ்நாள் முழுக்க வரப்புத் தகராறிலேயே ஊறிய கந்தப்பனுக்கு அது என்னவென்று ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. சர்வே கல். கல்லுக்கு அந்தப் பக்கம் ரோடு. இந்தப் பக்கம் பட்டா நிலம். கல், மரம், கட்டில், அடுப்பு என்று அவர் கண் வரிசையாகப் போயிற்று. எல்லாம் இந்தப் பக்கம்.

மாடு கட்டப் போய்க்கொண்டிருந்த சென்னிமலை, அங்கே சத்தம் நின்றதைக் கவனித்து வந்தார். கல்லைப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்துகொண்டார். அவர் பின்னால் சென்னியம்மாளும் வந்தாள். கடப்பாறையை வாங்கிப்போக வந்த பெருமாயியும் நின்றாள்.

“மாப்பளே,” என்றார் கந்தப்பன், “இந்த மரம் யாருது?”

“எங்க தாத்தன் வெச்சதுங்க மாமா. ரோட்டு மரத்தோட வரிசையா வெச்சுட்டாரு.”

“அப்ப நம்பரு...”

“போட்டாத்தானுங்க அழியறதுக்கு.”

“உங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“கல்யாணமான நாளாவா?”

“ஆமாங்க.”

“ஏஞ்சொல்லல?”

சென்னிமலை தன் ஆயுளில் பேசிய மிக நீளமான பேச்சுக்களில் ஒன்று இது: “சொல்லியிருந்தா நீங்க எங்கீங்க மாமா உக்காருவீங்க?” பிறகு, “புளி உலுக்கப் போனா உங்களுக்குத் தெரிஞ்சு போயிரும்னுதான் பெருமாயிய எடுத்துக்கச் சொல்லீட்டேன்” என்றார்.

“நானும் இத்தன வருசமா வாயே தொறக்கலீங்க,” என்றாள் பெருமாயி. “புளியும் நல்ல புளிங்க.”

கந்தப்பன் கட்டிலில் உட்கார்ந்தார். அது மாப்பிள்ளை நிலத்தில் நிற்கும் கட்டில் என்பது ஞாபகம் வந்து எழுந்தார். நிற்பதும் அதே நிலத்தில்தான். இத்தனை வருடமாக மாப்பிள்ளையின் மண்ணில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் நிழலில், மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்காமல் இருந்திருக்கிறார். மடித்துவைத்த வேட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் சென்னியம்மாள் பேசினாள். வந்தவர்களுக்கு முன்னால் அப்பனை எதிர்த்து அவள் பேசியதில்லை.

“போறீங்களா? போங்க. பொரி கொண்டாந்தீங்க, வாங்கிக்கிட்டேன். சீரு கொண்டாந்தீங்க, வாங்கிக்கிட்டேன். கொண்டாந்ததையெல்லாம் கை நீட்டி நீட்டி வாங்கிக்கிட்டனே, எனக்கு மட்டும் மானம் இல்லியா? உங்க கையி மேல, என்ற கையி கீழ. அது அப்படியே இருக்கோணுமாக்கும்? இந்தப் புள்ளைங்க கையப் பாருங்க. கத்தாழை அரிச்சு ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. ஊர்ல யாருதுமில்லாத சாமானாத் தேடித் தேடி... அந்தக் கையி யாருதுங்கப்பா? அதுவும் டிஸ்டிக்போர்டுதா?”

கந்தப்பன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். முக்கால்வாசி முடிந்த சாளையைப் பார்த்தார். இடம் மாற்றிப் போடலாம்தான். பிரித்தால் கத்தாழைக் கட்டை அறுக்க வேண்டும். கல்லைப் பார்த்தார். கல் நகர்ந்திருக்கிறது என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்திருக்க வேண்டும்; பார்வை அப்படித்தான் இருந்தது. ஆனால் சர்வே கல்லின்மேல் பொய் சொல்வதில் அவருக்கே ஆட்சேபனை உண்டு.

எல்லாரும் காத்திருந்தார்கள். தூரத்தில் ரயில் ஒன்று ஈரோட்டுப் பக்கம் போயிற்று.

சௌந்திரம் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். “அப்புச்சி, பல்லு வலிக்குதா?”

முதலில் சிரித்தது பெருமாயி. சென்னியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மணியனிடம் சொன்னாள்: “பாத்துக்க சாமி. அப்புச்சி வாய் தொறக்கல. அப்ப ஆட்சேபனை இல்லைன்னுதான் அர்த்தம். சர்க்காரே ஒத்துக்கிட்டது.”

“ஆட்சேபனை இருக்குது,” என்றார் கந்தப்பன். எதற்கு ஆட்சேபனை என்று தேடினார். “வாசல் தெக்க பாக்கக் கூடாதுன்னு அப்பவே சொன்னேன்.”

“மாத்திக்கலாமுங்க” என்றாள் ஆத்தாயி.

வாசலை மாற்றினார்கள். அந்தச் சாளை அந்த ஐப்பசியைத் தாங்கியது; பிறகு வந்த பல ஐப்பசிகளையும், வருடா வருடம் புதுக் கூரைப் புல்லோடும் புது ஆட்சேபனைகளோடும் தாங்கியது. மண்காளைகளில் ஒன்றுக்கு மட்டும் கொம்பு போயிற்று. மண்டபம் மாதிரி நின்ற அந்த மரத்துப் புளியைக் கடைசிவரை பெருமாயிதான் எடுத்துக்கொண்டாள். நியாயமாக அது மாப்பிள்ளைக்குச் சேர வேண்டியது என்று கந்தப்பன் அவளோடு வருடம் தவறாமல் சண்டை போட்டார். யுத்த காலத்தில் வீடு வீடாக ஆள் எண்ண வந்தவரிடம், தன்னை மகள் வீட்டுக் கணக்கில் சேர்க்கச் சொன்னவரும் அவரே.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். கந்தப்பன் வேட்டியைக் கட்டிலின்மேல் வைத்தார். தோட்டத்து வாசல் வழியாக நடந்துபோய், மகளின் வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, தரையில் உட்கார்ந்தார். சென்னியம்மாள் சொம்பில் கம்பங்கூழ் ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். குடித்து முடித்ததும் சொம்பை நீட்டி, இன்னும் கொஞ்சம் கேட்டார்.